அலைபேசியிலிருந்து அச்சாகிறது, பழைய கணினியில் மட்டும் ‘ஆஃப்லைன்’: உதவி தேவை

பழையபெட்டி:
வணக்கம். வீட்டில் விண்டோஸ் 7 ஓடும் மேசைக்கணினி ஒன்றும், வைஃபையில் இயங்கும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்றும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக இரண்டும் சண்டையில்லாமல்தான் இருந்தன. போன வாரம் மின்சாரம் போய் வந்தது. அன்றிலிருந்து கணினி, பிரிண்டரை ‘ஆஃப்லைன்’ என்கிறது. மகள் அலைபேசியிலிருந்து அனுப்பினால் மட்டும் உடனே தாள் வந்து விழுகிறது.

ரவுட்டர், பிரிண்டர், கணினி மூன்றையும் அணைத்துப் போட்டுவிட்டேன். பிரிண்டரை நீக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த போர்ட்டையே தேர்ந்தெடுத்து மறுபடி சேர்த்தும் பார்த்தேன். ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ தேர்வாகியிருக்கவில்லை. 192.168.1.9 என்ற முகவரிக்கு பிங் கொடுத்தால் நான்குக்கு நான்கும் பதில் வருகிறது. ஆகவே இணைப்பில் குறையில்லை, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் கெட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வயதான கணினிக்குப் பொருந்தும் டிரைவரை எப்படித் தேடுவது?

நடுநிசி:
விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? வேறு கணினிக்கு மாறிவிடுங்கள்.

பழையபெட்டி:
புரிகிறது ஐயா. ஆனால் என் பழைய கணக்கு மென்பொருளும் ஸ்கேனரும் அதில் மட்டும்தான் ஓடுகின்றன. வேறு வேலைக்கு அதைத் தொடுவதில்லை.

மைக்கறை:
டிரைவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது சரியில்லை என்றால் பெரும்பாலும் தாளில் புரியாத எழுத்துகளாகக் கொட்டும். உங்களுக்குத் தாளே வரவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த பிங்தான். 192.168.1.9இல் பதில் சொல்வது பிரிண்டர்தான் என்று எப்படித் தெரியும்? பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரங்களை அச்சிடும் வசதி இருக்கும். அந்தத் தாளை எடுத்து, அதிலுள்ள ஐபி முகவரியைச் சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் மகளுக்கு அச்சாவதால் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

பழையபெட்டி:
வெட்கமாக இருக்கிறது. தாளில் 192.168.1.14 என்று இருக்கிறது! அப்படியானால் 9இல் இருந்துகொண்டு எனக்கு இத்தனை நாளாகப் பதில் சொன்னது யார்?

மைக்கறை:
மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் எல்லாருக்கும் புதிதாக முகவரி பங்கிட்டிருக்கிறது. பிரிண்டரின் பழைய எண் வீட்டிலுள்ள வேறு ஏதோ ஒரு கருவிக்குப் போய்விட்டது. பிங் என்பது ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கதவைத் தட்டுவது மட்டும்தான். உள்ளே இருப்பது யார் என்று அது கேட்பதில்லை. அலைபேசியோ ஒவ்வொரு முறையும் ‘இங்கே பிரிண்டர் யார்’ என்று விசாரித்துவிட்டு அனுப்புகிறது, அதனால் தப்பித்தது. உங்கள் கணினி பழைய எண்ணை எழுதிவைத்துக்கொண்டு அங்கேயே போய் நிற்கிறது. பிரிண்டரை நீக்கினாலும் அந்த எண்ணைக் குறித்துவைத்திருக்கும் போர்ட் அழியாது. மறுபடி சேர்த்தபோது நீங்களே அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

யார் என்று பார்க்க ஆசையென்றால், பிங் கொடுத்த கையோடு ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) கட்டளையைக் கொடுங்கள். 9க்கு எதிரே தெரியும் மேக் முகவரியும் (கருவிக்குக் கருவி மாறும் அடையாள எண்) தாளிலுள்ள மேக் முகவரியும் ஒத்துப்போகாது.

முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு 14ஐயே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இதை விட்டால் அடுத்த மின்வெட்டில் மறுபடி இங்கேதான் வருவீர்கள். பிறகு கணினியில் ‘டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்’ திறந்து, பிரிண்டர் மீது வலது பொத்தானைச் சொடுக்கி, ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலின் அடியில் வெறும் ‘பிராப்பர்ட்டீஸ்’ என்றும் ஒன்று இருக்கும். அது வேறு, ஏமாந்துவிடாதீர்கள். ‘போர்ட்ஸ்’ பகுதியில் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ வகையில் புதிதாக ஒன்றைச் சேர்த்து 192.168.1.14 கொடுங்கள். போர்ட் எண் வழக்கமாக 9100, அதை மாற்ற வேண்டாம்.

அதற்கு முன், வரிசையில் தேங்கிக் கிடக்கும் வேலைகளை எல்லாம் ரத்து செய்துவிடுங்கள்.

பழையபெட்டி:
கடைசி வரியைக் கடைசியாகத்தான் படித்தேன். போர்ட்டை மாற்றி ‘அப்ளை’ கொடுத்ததும், ஒரு வாரமாக நான் அனுப்பிப் பார்த்த அதே கடிதம் ஒன்பது பிரதிகள் வந்தன. 192.168.1.9இல் இருந்தது தொலைக்காட்சி!

ஆனால் ஒன்று. பத்து நிமிடம் கழித்து மறுபடி ‘ஆஃப்லைன்’ என்கிறது. இப்போது 14க்கு பிங் கொடுத்தால் பதில் வருகிறது, ஏஆர்பியிலும் பிரிண்டரின் மேக் முகவரியேதான்.

மைக்கறை:
சரிபார்க்கக் கற்றுக்கொண்டீர்கள், நல்லது. அதே ‘போர்ட்ஸ்’ பகுதியில் ‘கான்ஃபிகர் போர்ட்’ அழுத்துங்கள். கீழே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். அந்த வழியில்தான் கணினி அவ்வப்போது பிரிண்டரை நலம் விசாரிக்கிறது. சில பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. உடனே ஆள் இல்லை என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது.

பழையபெட்டி:
எடுத்துவிட்டேன். காலையிலிருந்து ஐந்து முறை அச்சிட்டாயிற்று. சோதனைக்காக ரவுட்டரை நானே அணைத்துப் போட்டேன், பிரிண்டர் 14இலேயே வந்து உட்கார்ந்தது. மிக்க நன்றி ஐயா.

நடுநிசி:
வேலை முடிந்ததில் மகிழ்ச்சி. ரவுட்டரில் கையை வைத்துவிட்டீர்கள் அல்லவா, அதிலேயே அந்தக் கணினிக்கு மட்டும் இணையத்தைத் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் அச்சிட இணையம் தேவையில்லை.

பழையபெட்டி:
அதையும் செய்துவிடுகிறேன். அந்த ஒன்பது பிரதிகளின் பின்பக்கம் மகளுக்குக் கணக்குப் போட உதவுகிறது.