12 வருடம் கோடு எழுதியாச்சு, இப்போது மேனேஜர் பதவி: ஏற்கலாமா?

கோவைக்காரன்:
வணக்கம். இன்சூரன்ஸ் மென்பொருளில் ஜாவா டெவலப்பராக 12 வருடம் ஓடிவிட்டது. எங்கள் மேனேஜர் வேறு பிராஜெக்ட்டுக்குப் போகிறார், அவர் இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். சம்பளம் கூடும். ஆனால் எனக்குப் பிடித்தது கோடு எழுதுவதுதான். மேனேஜரானால் இரண்டே வருடத்தில் கை மறந்துபோகும், அப்புறம் ஆட்குறைப்பு வந்தால் வெளியே ஒரு இன்டர்வியூவில்கூட உட்கார முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இப்போது மாட்டேன் என்றால் இனி கேட்கவே மாட்டார்களோ என்றும் இருக்கிறது. இந்தத் துறையில் நெடுநாள் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்:
டெக்னிகல் பக்கத்திலேயே உயர்ந்து சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் ஆகும் வழி உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள் ப்ரோ. நான் கொஞ்ச காலம் மேனேஜராக இருந்தேன். நாள் முழுக்க மீட்டிங், எக்செல், அப்ரைசல் வந்தால் நாலு பேரின் மனக்கசப்பு. டெக்னிகல் பக்கம் திரும்பிய பிறகுதான் நிம்மதி. சம்பளத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

பேட்ச்ஜாப்:
தம்பி, நான் 1988இல் மெட்ராஸில் கோபால் (COBOL) என்ற பழைய புரோகிராமிங் மொழியில் தொடங்கியவள். பத்து வருடம் புரோகிராமர், அதன்பின் ஓய்வு பெறும்வரை மேனேஜர். ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கோடு தெரிந்தவர்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

1998இல் ஒய்2கே வேலை, அதாவது 2000ஆம் வருடம் பிறக்கும்போது இரண்டு இலக்க வருடங்கள் குழம்பாமல் திருத்தும் வேலை, மும்முரமாக நடந்த நேரம். ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் (பெரிய மையக் கணினி) புரோகிராம்கள் எங்கள் டீமுக்கு வந்தன. தேதியெல்லாம் பிக் 9(6), அதாவது ஆறு இலக்க எண்: வருடத்துக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு. வருடத்தை நான்கு இலக்கமாக்கினால் ரெக்கார்டின் நீளம் மாறும். அந்த ஃபைலைத் தொடும் ஒவ்வொரு புரோகிராமும், அதை ஓட்டும் ஜேசிஎல் கட்டளைகளும், ஃபைலை வரிசைப்படுத்தச் சொல்லும் சார்ட் கார்டில் எழுதிய இடக்கணக்கும் மாறும். அதனால் எல்லோரும் விரும்பிய குறுக்குவழி விண்டோயிங். 00 முதல் 49 வரை இருந்தால் முன்னால் 20 போடு, 50 முதல் 99 வரை இருந்தால் 19 போடு என்று புரோகிராமில் எழுதிவிடுவோம். ஃபைலில் கை வைக்க வேண்டாம், செலவும் குறைவு. எல்லா ஃபைலுக்கும் இதுவே போதும் என்று கிளையன்ட்டும் எங்கள் மேலிடமும் சேர்ந்து கெடு குறித்துவிட்டார்கள்.

நான் அப்போதுதான் டீம் பொறுப்புக்கு வந்திருந்தேன். ரெக்கார்டின் அமைப்பை எழுதிவைத்த காப்பிபுக்கை எடுத்துப் படித்தால், பாலிசிதாரரின் பிறந்த தேதிக்கும் அதே பிக் 9(6). 1938இல் பிறந்தவர் 2038இல் பிறந்தவராகிவிடுவார். வயது மைனஸில் போகும், பிரீமியம் கணக்கே குழம்பும். 50 என்ற எல்லையை எங்கே நகர்த்தினாலும் சிக்கல் தீராது. 1915இல் பிறந்த பெரியவரும் 2015இல் பிறக்கப்போகும் குழந்தையும் ஒரே ஃபைலில் வரக்கூடிய தொழில் அது. அந்த ஒரு தேதியை மட்டுமாவது நான்கு இலக்கமாக்கியே தீர வேண்டும். காப்பிபுக்கையும், அந்த ஃபைலைத் தொடும் புரோகிராம்களின் பட்டியலையும் கூட்டத்தில் மேஜைமேல் வைத்துத்தான் கூடுதல் வாரங்களை வாங்கினேன். "பிள்ளைகளுக்கு வேலை அதிகம்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது.

மேனேஜர் வேலையில் பெரும்பங்கு இதுதான் தம்பி. மேலே இருப்பவர்களிடம் முடியாது என்று சொல்ல வேண்டும், ஏன் முடியாது என்று காட்டவும் வேண்டும். கோடு படிக்காதவர் கெடுவுக்குத் தலையாட்டிவிட்டு வருவார், யார் வீட்டுப் பிள்ளையோ சனி ஞாயிறெல்லாம் ஆபீஸில் கிடக்கும். அப்படி நிறைய பார்த்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இன்னொன்று. இரவில் மொத்தமாகத் தானே ஓடும் பேட்ச் ஜாப் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்ற நிலையை வைக்காதீர்கள். அதை ஓட்டும் வழிமுறைக் குறிப்பான ரன்புக்கை எழுதியவர் ஒதுங்கி நிற்க, எழுதாத ஒருவரை அதைப் பார்த்து ஒருநாள் ஓட்டச் சொல்லுங்கள். எழுதியவர் தனக்குத் தெரியும் என்று விட்டுவைத்த வரிகளெல்லாம் அன்றைக்கு வெளியே வரும். அப்புறம்தான் அந்த ஆளால் தங்கை கல்யாணத்துக்கு நிம்மதியாக லீவு போட முடியும்.

நைட்ஷிப்ட் சொன்ன அப்ரைசல் கஷ்டம் உண்மைதான், அதில் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஏற்பதற்கு முன் இரண்டு கேளுங்கள்: டீமுக்கு ஆள் எடுப்பதில் உங்கள் சொல் செல்லுமா? ஒரு வருடம் கழித்து டெக்னிகல் பக்கம் திரும்ப விடுவார்களா? பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி மேடம். மேனேஜரான பிறகும் கோடைத் தொடுவது எப்படி? நம் மேல் நம்பிக்கை இல்லாமல் எட்டிப் பார்க்கிறார் என்று டீம் நினைக்காதா?

பேட்ச்ஜாப்:
ரிலீஸுக்குக் கட்டாயம் வேண்டிய வேலையைக் கையில் எடுக்காதீர்கள். உங்களை மீட்டிங்குக்கு இழுத்துவிடுவார்கள், டீம் உங்களுக்காகக் காத்துக் கிடக்கும். புரொடக்‌ஷனில் பிரச்சினை வந்தால் அவர்களோடு உட்கார்ந்து லாகை (புரோகிராம் எழுதிவைக்கும் பதிவை) படியுங்கள், கீபோர்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். கோடு ரிவ்யூவில் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள்.

தேடிப் பார்க்கும் வேலைகள் உங்களுக்குப் பொருந்தும். உதாரணமாக, 32 பிட்டில் வைத்த யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிகள்) நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44க்கு நிரம்பிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப் வகைக்கும் அதே எல்லைதான். 20 வருட பாலிசியின் முதிர்வு தேதி இன்றைக்கே அதைத் தாண்டிப் போகிறது. உங்கள் டேபிள்களில் எந்த நெடுவரிசை (column) அந்த வகையில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், பட்ஜெட் பேசும்போது கையில் இருக்கும்.