மேப்பிள் இலையை எந்த மரத்து இலை எண்டு கண்டுபிடிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்கோ

வெள்ளவத்தை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட அம்மா 1998 ஒக்டோபர்ல தங்கச்சி வீட்டுக்கு டொரொண்டோ போய் கொஞ்ச நாள் நிண்டவ. திரும்பி வரேக்க டயறிக்குள்ள ஒரு மேப்பிள் இலையும், செட்டை வச்ச ஒரு சோடி விதையும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவ. பக்கத்தில "பூங்காவில பொறுக்கினது, ஒரே மரத்தடி, நல்ல சிவப்பு" எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு. அம்மா காலமாகி ஆறு வருசமாகுது. இது எந்த மரத்து இலை எண்டு எனக்கு அறியோணும்.

மேப்பிள் எண்டா மேப்பிள்தானே எண்டு நானும் இருந்தனான். போன வருசம் செப்டம்பர்ல நான் போய் தங்கச்சியோட ஸ்காபரோவில நிண்டன். அவளின்ர வீட்டு முன்னுக்கு ரோட்டுக்கரையில பெரிய மரம் ஒண்டு, நல்ல நிழல். "இதுதான் அக்கா சுகர் மேப்பிள், இனிப்புச் சிரப் எடுக்கிற மரம், கனடாக் கொடியில இருக்கிறதும் இதின்ர இலை எண்டுதான் சொல்லுறவை" எண்டு தங்கச்சி சொல்ல நானும் நம்பி படம் எடுத்து குடும்ப குரூப்பில எல்லாம் போட்டிட்டன். அடுத்த நாள் பக்கத்து வீட்டு வயசான அம்மா ஒராள், வெள்ளைக்காரி, நாங்கள் மரத்தடியில நிக்கிறதைக் கண்டிட்டு வந்தா. ஒண்டும் பேசேல்ல, ஒரு இலையைக் காம்போட பிடுங்கி காம்பை நடுவில முறிச்சுக் காட்டினா. முறிஞ்ச இடத்தில வெள்ளையா ஒரு துளி பால் வந்து நிண்டுது. எங்கட பலா இலையை முறிச்சா வருமே, அப்பிடியே தான், கொஞ்சம் குறைவு. "நோர்வே மேப்பிள்" எண்டா. சுகர் மேப்பிள் காம்பை முறிச்சா பால் வராதாம், தண்ணி மாதிரித்தான் கசியுமாம். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அவவின்ர பின்வளவுக்குப் போய் அங்க நிண்ட உண்மையான சுகர் மேப்பிள்ல ஒரு இலை முறிச்சுக் காட்டினா, பால் இல்லை. அந்த ரெண்டு இலையையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்தன், தூரத்தில நிண்டு பார்த்தா சத்தியமா வித்தியாசம் தெரியாது. கிட்ட வச்சுப் பார்த்தாத்தான் நோர்வே இலை நீளத்தை விட அகலம் கூட எண்டு தெரியுது.

நோர்வே மேப்பிள் அந்த நாட்டு மரமே இல்லை, ஐரோப்பாவில இருந்து 1750களில வட அமெரிக்காவுக்கு வந்தது. பிறகு எல்ம் மரங்கள் நோய் வந்து சாக, அந்த இடங்களுக்கு ரோட்டோரம் எல்லாம் இதைத்தான் நட்டவையாம். இப்ப அது காட்டுக்குள்ளயும் போய் தன்ர நிழலால மற்றச் செடிகளை வளர விடாமப் பண்ணுது. கனடாவில அப்ப புதுசா வந்த பிளாஸ்ரிக் 20 டொலர் நோட்டில இருக்கிற இலை நோர்வே மேப்பிள் மாதிரிக் கிடக்கெண்டு 2013ல ஒரு தாவரவியலாளர் சொல்லி பேப்பர்லயும் எல்லாம் வந்தது. அது ஒரு இனத்தின்ர இலை இல்லை, பொதுவா வரைஞ்சது எண்டு நோட்டு வெளியிடுற கனடா மத்திய வங்கி பதில் சொன்னது. அங்கத்தை ஆக்களுக்கே இவ்வளவு குழப்பம் எண்டா எங்களுக்கு எப்பிடி இருக்கும்.

என்ர பிரச்சினை என்னெண்டா அம்மாவின்ர இலை காய்ஞ்சு 25 வருசத்துக்கு மேல. பால் பார்க்கேலாது. போன் ஆப்பில போட்டுப் பார்த்தா ஒரு தரம் சுகர் எண்டுது, வெளிச்சத்தை மாத்தி எடுத்தா நோர்வே எண்டுது. அனுபவப்பட்ட ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை தம்பி:

அக்கா நான் பிரம்டன்ல எங்க பெரியம்மா மகன் வீட்டுல ரெண்டு மாசம் இருந்தேன், அங்க நடந்தத சொல்றேன். அவங்க வீட்டு முன்னால ஒரு மரம், அக்டோபர்ல நெருப்பு மாதிரி சிவந்து நின்னுச்சு. ஒரு அங்கிள் வந்து காம்பு சிவப்பா இருக்கு அதனால இது ரெட் மேப்பிள்னு சொன்னாரு, இன்னொருத்தர் இலைய திருப்பி காட்டி பின்பக்கம் வெள்ளையா இருக்கு, முனைங்களுக்கு நடுவுல வெட்டும் ஆழமா இருக்கு, அப்ப சில்வர் மேப்பிள்தான்னு அடிச்சு சொன்னாரு. ரெண்டு பேரு சொல்றதும் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, ரெண்டுமே சரியா இருக்கு, எப்படின்னு எனக்கு விளங்கல. கடைசியில அண்ணன் கராஜுல தேடி மரம் வாங்கின நேரம் கொடுத்த டேக்க எடுத்துட்டு வந்தாரு. அதுல ஆட்டம் பிளேஸ் (Autumn Blaze)னு பேர் போட்டிருந்துச்சு. அது ரெட்டும் சில்வரும் சேர்ந்த கலப்பு, ஃப்ரீமன் மேப்பிள்னு சொல்வாங்க. வாஷிங்டன்ல இருக்குற நேஷனல் ஆர்போரீட்டம்ங்கிற மரத் தோட்டத்துல வேலை செஞ்ச ஆலிவர் ஃப்ரீமன் 1933ல இந்த ரெண்டையும் கலந்து பார்த்திருக்காரு, அவரு பேர்தான் வச்சிருக்காங்க. ஆள் கலக்கணும்னும் இல்ல, ரெண்டு மரமும் பக்கத்துல வளர்ற இடத்துல அதுவாவும் கலந்துக்கும்.

ரெட் மேப்பிள்னா பொதுவா மூணு முனை, ஓரமெல்லாம் சின்ன சின்ன பல்லு. சில்வர்னா அஞ்சு முனை, வெட்டு ரொம்ப உள்ளுக்கு போகும், பின்பக்கம் வெள்ளி. ஃப்ரீமன் இதுக்கு நடுவுல எங்கயும் நிக்கும், ஒன்னு அம்மா பக்கம் சாயும் ஒன்னு அப்பா பக்கம் சாயும். அதனால ஒரு இலைய வச்சு சண்டை புடிக்கவே கூடாது அக்கா, ஒரே மரத்துல வெயில்ல இருக்குற மேல் கிளை இலையும் நிழல்ல இருக்குற கீழ் கிளை இலையும் வேற மாதிரி இருக்கும், நானே புடுங்கி வச்சு பார்த்தேன்.

உங்க இலைக்கு ஒரு விஷயம் சொல்றேன். ரெட்டும் சில்வரும் விதைய வசந்த காலத்துல, கோடை தொடங்குற நேரத்துலயே கொட்டிரும். சுகரும் நோர்வேயும்தான் இலை கொட்டுற காலத்துல கொட்டும். உங்க அம்மா அக்டோபர்ல ஒரே மரத்தடியில இலையும் விதையும் பொறுக்கி இருக்காங்கன்னா ரெட், சில்வர், ஃப்ரீமன் மூணையும் பெரும்பாலும் விட்டுரலாம்.

தெஹிவளை டீச்சர்:

தம்பி சொன்னது அருமை. நான் லண்டன்ல மகளோட இருந்தப்போ ரோடு முழுக்க மேப்பிள்னு நினைச்சு ஒரு மாசம் பார்த்துட்டே இருந்தேன், அது ஒன்னுமே மேப்பிள் இல்ல, லண்டன் பிளேன் மரம். இலை அச்சு அசல் மேப்பிள்தான். ஆனா கிளைய பார்த்தா இலைங்க மாறி மாறி ஒன்னு விட்டு ஒன்னு வந்திருந்துச்சு. மேப்பிள்ல எப்பவும் ரெண்டு ரெண்டா நேருக்கு நேர் வரும். பிளேன் மரத்துல பட்டை வேற துண்டு துண்டா உரியும், காய் உருண்டையா நூல்ல கட்டின மாதிரி தொங்கும். அதனால முதல்ல கிளைய பாருங்க, இலைய பிறகு பாருங்க.

பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறப்போ அரசையும் பூவரசையும்தான் எடுப்பேன். ரெண்டும் இதய வடிவம். அரச இலைக்கு நுனி வாலு மாதிரி நீளும், காம்ப கிள்ளினா பால் வரும். பூவரசுக்கு வாலும் இல்ல, அந்த வெள்ளைப் பாலும் இல்ல. அக்கா முறிச்சு பார்த்த அதே சோதனைதான். இன்னொன்னு, மேப்பிள் நமக்கு ரொம்ப தூரத்து மரம்னு நினைக்காதீங்க, ரம்புட்டானும் முடக்கொத்தானும் அதே குடும்பம்தான். வகுப்புல இத சொன்னா பிள்ளைங்க நம்பவே மாட்டாங்க.

அக்கா, விதையோட செட்டை எப்படி விரிஞ்சிருக்குன்னு பாருங்க. நோர்வேல ரெண்டு செட்டையும் கிட்டத்தட்ட நேர்கோடா, கைய ரெண்டு பக்கமும் நீட்டின மாதிரி இருக்கும். சுகர்ல ரெண்டும் கீழ வளைஞ்சு குதிரை லாடம் மாதிரி. இலையில கறுப்பா தார் சொட்டின மாதிரி புள்ளி இருந்தா அதையும் சொல்லுங்க, அங்க நோர்வேக்கு அந்த பங்கசு நோய் நிறைய வரும்.

வெள்ளவத்தை அக்கா:

டீச்சர், தம்பி, ரெண்டு பேருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. நேற்றுப் பின்னேரம் டயறியை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் ஐயாவின்ர பழைய பூதக்கண்ணாடியை வச்சுப் பார்த்தனான். தார்ப் புள்ளி ஒண்டும் இல்லை. அஞ்சு முனை, முனைக்கும் முனைக்கும் நடுவில பள்ளம் வட்டமா வளைஞ்சு போகுது, ஓரத்தில சின்னப் பல்லு ஒண்டும் இல்லை. டேப் மஞ்சளாப் போய் விதையின்ர ஒரு செட்டை நுனி உடைஞ்சு கிடக்கு, ஆனாலும் வளைவு வடிவாத் தெரியுது. லாடம்தான் டீச்சர்.

கொட்டாஞ்சேனை தம்பி:

அப்ப சுகர்தான் அக்கா. ஆனா பிளாக் மேப்பிள்னு ஒன்னும் இருக்கு, அது சுகரோட கலக்கும், சில பேர் அத தனி இனமாவே எடுக்கிறதில்ல. விதையும் அதே மாதிரிதான். அதுல பெரும்பாலும் மூணு முனைதான், இலை ஓரம் கீழ தொங்கும், பின்பக்கம் தடவினா வெல்வெட் மாதிரி மயிர் இருக்கும். டேப்ப பிரிக்காம பின்பக்கம் பார்க்க முடியுமா?

வெள்ளவத்தை அக்கா:

காம்பிலயும் விதையிலயும்தான் டேப் ஒட்டியிருக்கிறா தம்பி, இலை சும்மாதான் கிடக்கு. மெல்லமா ஒரு பேப்பரை அடியில விட்டுத் தூக்கிப் பார்த்தன். பின்பக்கம் மழமழ எண்டுதான் இருக்கு, நரம்பு பிரியிற மூலையில மட்டும் கொஞ்சம் பஞ்சு மாதிரி. வெல்வெட் எண்டு சொல்லேலாது.

தங்கச்சிக்கு கோல் எடுத்துச் சொன்னன். அம்மா அந்த நேரம் பின்னேரத்தில நடக்கப் போற பூங்கா எது எண்டு அவளுக்கு நல்லாத் தெரியும், வாற சனிக்கிழமை போய் அங்க நிக்கிற மரங்களின்ர காம்பை முறிச்சுப் பார்த்திட்டு படம் அனுப்புறன் எண்டவள். நான் டயறியில அம்மாவின்ர எழுத்துக்குக் கீழ பென்சிலால "சுகர் மேப்பிள்" எண்டு எழுதி வச்சிருக்கிறன்.