கிளச் கவ்வும் அந்த இடத்துக்கு என்ன சொல்?

சாரதிப் பயிற்றுநர், உவர்மலை:

கியர் வாகனம் பழகுவோருக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் கிளச் (எஞ்சினையும் சில்லையும் சேர்ப்பதும் பிரிப்பதும்), கியர், பிரேக் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வதென்று முன்பே பேசி முடித்தாயிற்று. ஊர் வாயில் ஊறிய சொற்கள், அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் பெயரே இல்லாமல் கிடக்கிற ஒன்று இருக்கிறது. கிளச்சை அடிவரை மிதித்து, முதலாம் கியர் போட்டு, காலை மெல்ல விட்டு வரும்போது ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தாழும், பொனற் கொஞ்சம் எழும்பும், வாகனம் முன்னே போகப் பார்க்கும். அந்த இடத்துக்கு என்ன பெயர்? இப்போதைக்கு "இதுதான், இதிலேயே காலை வை" என்றுதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தின் biting point என்பதைப் பெயர்த்து 'கடிபுள்ளி' என்று எழுதலாம் என்பார்கள். தமிழில் கடி என்றால் காயம்தான் முன்னுக்கு வரும். 'பிடிநிலை' என்று முன்மொழிகிறேன்.

கராஜ், கிண்ணியா:

அண்ணன், 'பிடி' வேண்டாம். எங்கட பக்கம் கார் பழக வருகிறவர்களில் அநேகம் பேர் மோட்டார் சைக்கிளில் இருந்து வருகிறவர்கள். அவர்களுக்குக் "கிளச்சைப் பிடி" என்றால் கைப்பிடியை இழுத்துப் பிடி என்று அர்த்தம், அதாவது எஞ்சினையும் சில்லையும் பிரிப்பது. நீங்கள் சொல்லும் பிடிநிலை அதற்கு நேர் எதிர், இரண்டும் சேரத் தொடங்குகிற நிலை. ஏற்றத்தில் நிற்கும் பிள்ளையிடம் "பிடிநிலைக்கு வா" என்றால் அது கிளச்சை அடிவரை மிதித்துவிடும், வண்டி பின்னுக்கு உருளும்.

கிளச்சுக்குள் இருக்கும் உராய்வுத் தட்டுத்தான் பிளேட். கராஜில் நாங்கள் "பிளேட் கவ்வுது", "பிளேட் கவ்வேல்ல" என்றுதான் சொல்வோம். அதில் குழப்பமில்லை.

தொழில்நுட்ப ஆசிரியை, திருகோணமலை:

கிண்ணியா நானா சொல்வது சரி. 'பற்று' என்பதையும் யோசித்தேன். பற்றுச்சீட்டும் தீப்பற்றுதலும் குறுக்கே வருகின்றன. 'கவ்வு' நல்ல சொல், அதோடு வினையாகவும் நிற்கும்: கவ்வுகிறது, கவ்வவில்லை, கவ்வ விடு.

என் வாதம் வேறு. நாம் தேடுவது ஒரு புள்ளிக்கான பெயர் என்று எண்ணுகிறோம். அது புள்ளியே அல்ல. கிளச் பிளேட்டின் இரண்டு உராய்வுப் பரப்புகளுக்கும் நடுவே அலைபோல வளைந்த மெல்லிய உருக்குத் தகடுகள் இருக்கின்றன. கிளச் பிளேட்டை எஞ்சின் பக்கம் அழுத்தும் பிரஷர் பிளேட் நெருக்க நெருக்க அவை சுமார் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தட்டையாகும். அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் முறுக்கம் (எஞ்சினின் சுழற்றும் விசை) பூச்சியத்திலிருந்து முழு அளவுக்கு ஏறுகிறது. ரிலீஸ் நெம்புகளும் மிதியின் நெம்பும் அதைப் பெருக்கி, காலடியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆக்கித் தருகின்றன. இந்தத் தகடுகள் இல்லையென்றால் கிளச் ஒரேயடியாகச் சேர்ந்து வண்டி குதிக்கும். ஆகவே ஒரு தொடக்கம், ஒரு முடிவு, நடுவில் நழுவிக்கொண்டே இழுக்கும் ஒரு வீச்சு. மூன்றுக்கும் சொல் வேண்டும்.

சாரதிப் பயிற்றுநர், உவர்மலை:

ரீச்சர், ஒத்துக்கொள்கிறேன். பழகுபவர் தடுமாறுவதும் இதில்தான். தொடக்கத்தைக் கண்டதும் "கிடைத்துவிட்டது" என்று காலை முழுதாக எடுத்துவிடுகிறார்கள், எஞ்சின் நின்றுவிடுகிறது.

கோட்டை வாசலுக்குள் புகுந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மான் குறுக்கே வந்தால் ஏற்றத்தின் நடுவிலே நிற்க வேண்டும், பின்னால் ஓட்டோ ஒட்டி நிற்கும். ஹாண்ட் பிரேக்கை இழு, முதலாம் கியர் போடு, அக்சலேற்றரைச் சற்று மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் வை. கிளச்சை விட்டு வா. சத்தம் தாழ்ந்து பொனற் எழும்பியதும் காலை அங்கேயே நிறுத்து. இப்போது ஹாண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னுக்குப் போகாது. வண்டி நகர்ந்து, எஞ்சினும் சில்லும் ஒத்துப்போன பிறகுதான் மிச்சத்தை விட வேண்டும். அந்த நடுப்பகுதியைத்தான் எல்லோரும் 'அரைக் கிளச்' என்கிறார்கள். அதைத் தழுவி 'அரைக்கவ்வு' என்போம். தொடக்கம் 'கவ்வுமுனை', முடிவு 'முழுக்கவ்வு'. மூன்றும் ஏற்றத்தில் நிற்பவரிடம் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொற்கள். எனக்கு அது முக்கியம்.

கராஜ், கிண்ணியா:

அரைக்கவ்வு நல்லா இருக்கு. ஆனால் அதோடு ஓர் எச்சரிக்கையையும் எழுதுங்கள். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரைக்கவ்விலேயே வண்டியைத் தாங்கி வைத்தால் சில்லு சுற்றவில்லை, பிளேட் சுற்றவில்லை, எஞ்சினோடு இணைந்த சக்கரமான பிளைவீல் மட்டும் சுற்றுகிறது. எஞ்சின் தருகிற வலு முழுதும் அந்த உராய்விலேயே வெப்பமாகப் போகிறது. கருகின மணம் வரும், பரப்பு கண்ணாடிபோல மினுங்கும், பிறகு கவ்வாது. உட்துறைமுக வீதியில் வாகனங்கள் நெருங்கி ஊரும் நேரத்திலும் இதே கதை. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விடட்டும். அந்த இடைவெளி சேர்ந்த பிறகு முதலாம் கியரில் முழுக்கவ்வோடு உருண்டு போய், திரும்ப மிதித்து நிற்கட்டும்.

இன்னொன்று, பழுதுக்கு வேறு சொல் வேண்டும். சாரதி வேண்டுமென்று செய்வது அரைக்கவ்வு. கால் முழுதாக எடுத்த பிறகும் பிளேட் நழுவினால் அது நோய். அதை 'வழுக்கல்' என்று தனியாக வையுங்கள். சுமையோடு நாலாம் கியரில் மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. பரிசோதனை எளிது: ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளச்சைச் சீராக விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் நல்லம். நிற்காமல் ஓடினால் வழுக்கல். ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், அதுவே பிளேட்டைச் சுடும். தேய்மானம் மட்டும்தான் காரணம் என்று எடுத்தவுடனே பிளேட் வாங்கவும் கூடாது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின் ஒயில் சீல் கசிந்து பிளேட் நனைந்தாலும் வழுக்கும், வண்டி எடுக்கும்போது உதறும். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் நனையும்.

வான் சாரதி, தம்பலகாமம்:

சொற்கள் எல்லாம் பிரேக்கோடும் பழுதோடும் நிற்கின்றன. கியர் வண்டி ஓட்டுகிறவர் ஏன் அதை விட மனமில்லாமல் இருக்கிறார் என்பதையும் பட்டியல் சொல்ல வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் ஏ6 வீதியில் லொறி ஒன்றை முந்த வேண்டும் என்றால் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறோம். கிளச்சை மிதித்திருக்கும்போதே அக்சலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை உயர்த்தினால், கிளச் விடும்போது வண்டி குலுங்காது, கியர் மாறினதே பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. வலு எப்போது வேண்டுமோ அப்போது கையில் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு ஈடில்லை. இந்தத் தட்டுக்கு 'சுற்றுச்சேர்ப்பு' பொருந்துமா? அப்படிச் செய்தால் அரைக்கவ்வு நேரமும் குறையும், பிளேட்டும் பிழைக்கும்.

றிவேஸ் பற்றியும் ஒரு வரி. பழைய வண்டிகள் பலவற்றில் றிவேசுக்குச் சுற்றை ஒப்பாக்கும் பித்தளை வளையம் கிடையாது. கிளச்சை மிதித்து இரண்டு மூன்று செக்கன் பொறுத்துப் போட்டால் பல் கரகரக்காது.

தொழில்நுட்ப ஆசிரியை, திருகோணமலை:

சுற்றுச்சேர்ப்பு அருமை, எடுத்துக்கொள்கிறேன். வரைவு இது:

"கவ்வுமுனை: கிளச் மிதியை விட்டு வரும்போது முறுக்கம் கடத்தப்படத் தொடங்கும் இடம். அரைக்கவ்வு: கவ்வுமுனைக்கும் முழுக்கவ்வுக்கும் இடையில், நழுவலோடு முறுக்கம் கடத்தப்படும் வீச்சு. முழுக்கவ்வு: நழுவல் நின்று, எஞ்சினும் கியர் பொக்ஸின் உள்தண்டும் ஒரே வேகத்தில் சுழலும் நிலை. வழுக்கல்: மிதியை முழுதாக விட்ட பின்னும் தொடரும் நழுவல். பழுது. பிளேட் தேயத் தேயக் கவ்வுமுனை மேலே ஏறும்."

கராஜ், கிண்ணியா:

கடைசி வரியைத் திருத்த வேண்டும் ரீச்சர். கேபிள் கிளச்சில் அது முழு உண்மை. பிளேட் மெலிய, பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள வில்லின் விரல்கள், மிதிக்கும்போது அவற்றை அழுத்தும் ரிலீஸ் பெயாரிங்கை நோக்கி வரும், மிதியின் தளர்வு குறையும், கவ்வுமுனை மேலே வரும். தளர்வு அற்றுப் போனால் பெயாரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே சுற்றும், வழுக்கலும் வரும். அதனால் அட்ஜஸ்ட் பண்ணி, அந்த வண்டிக்குச் சொன்ன தளர்வுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெயில் இயங்கும் கிளச்சில் கீழ்ச் சிலிண்டர் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும், கவ்வுமுனை பெரிதாக அசையாது. அதில் முனை கீழே, அடித்தட்டுக்குக் கிட்டப் போனால் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது சீல் விட்டிருக்கும். அந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், எங்கட கடற்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுவது நல்லது.

கடற்காற்று என்றதும் இன்னொரு நிலை. வீட்டார் வெளிநாடு போய் வண்டி மாதக்கணக்கில் நின்றால் பிளைவீலில் துரு ஏறி, பிளேட் அதில் ஒட்டிக்கொள்ளும். மிதி சாதாரணமாகத்தான் இருக்கும், எஞ்சின் ஓடும்போது ஒரு கியரும் விழாது. அது வழுக்கலுக்கு எதிர், கவ்வினது விடவில்லை. அதற்கு 'விடாக்கவ்வு' என்று ஒரு வரி சேருங்கள்.