புதுப்பிப்பு: ஏர் பிஸ்டலுக்குக் கண்ணாடி – +0.75 சரியாக அமைந்தது

வயது 48, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றுத் துப்பாக்கி) சுடுகிறேன், புரோகிரஸிவ் கண்ணாடியில் (ஒரே லென்ஸில் தூரத்திலிருந்து கிட்டத்துக்குப் பவர் படிப்படியாக மாறுவது) முன்குறி (துப்பாக்கி முனையில் இருக்கும் குறி) மங்குகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "தூரப்பார்வை பவரோடு +0.75 மட்டும் கூட்டி சிங்கிள் விஷன் போடுங்க" (லென்ஸ் முழுக்க ஒரே பவர்) என்ற யோசனைதான். கையை நீட்டி, கண்ணிலிருந்து முன்குறி வரை டேப்பில் அளந்துகொண்டு போனேன்: 92 செ.மீ. இல்லாவிட்டால் கடைக்காரர் படிக்கிற கண்ணாடி பவரையே எழுதியிருப்பார்! +1.00-ல் முன்குறி கத்தி மாதிரி இருந்தது, ஆனால் இலக்கு அட்டையின் 59.5 மி.மீ. கறுப்பு வட்டம் பஞ்சாகிவிட்டது. +0.75-ல் முன்குறி தெளிவு, வட்டம் லேசான மங்கல். அது போதும்.

எதிர்பாராதது: தலையைத் திருப்பி நிற்கும்போது சாதாரண ஃபிரேமில் பார்வை லென்ஸின் ஓரம் வழியாகப் போகிறது. லென்ஸைத் திருப்பி வைக்கக்கூடிய ஷூட்டிங் ஃபிரேம் வாங்கிய பிறகே முழுசாகச் சரியானது.