குதிரைத்திறன் சரி, 'நீடுதிறன்' என்றும் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின், மோட்டார்களின் திறனை அளக்கும் ஹார்ஸ்பவர் என்ற அலகுக்குத் தமிழில் 'குதிரைசக்தி'யே போதும், மோட்டார் கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஐயா ஒருவர் முந்தைய மடலில் எழுதியிருந்தார். கடைக்குப் போதும், பாடத்துக்குப் போதாது. சக்தி என்றால் விசையா ஆற்றலா என்று மாணவர் தடுமாறுவார். இங்கே அளப்பது வேலை நடக்கும் வேகத்தை. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன், அதாவது 735.5 வாட். அதையே ஒரு நிமிடம் எடுத்துத் தூக்கினால் செலவாகும் ஆற்றல் மாறாது, திறன் மட்டும் அறுபதில் ஒரு பங்காகிவிடும். ஆகவே என் ஓட்டு குதிரைத்திறனுக்கு.

எனக்கு உள்ள குறை வேறு. ஆள், மாடு, எஞ்சின் மூன்றையும் ஒரே அலகில் ஒப்பிடும்போது 'எவ்வளவு நேரத்துக்கு?' என்பதைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. 60 கிலோ எடையுள்ளவர் 3 மீட்டர் உயர மாடிப்படியை மூன்று நொடியில் ஓடி ஏறினால் சுமார் 590 வாட், அதாவது 0.8 குதிரைத்திறன். அவரே நாள் முழுக்க உழைத்தால் 75 வாட் தேறினாலே பெரிது. குதிரையும் சில நொடிகளுக்குப் பதினைந்து குதிரைத்திறன்வரை காட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், இந்த அலகை வகுக்க 1780களில் கணக்குக்கு எடுத்தது அப்படிச் சில நொடி பாயும் குதிரையை அல்ல, ஆலையில் செக்குமாடு போலச் சுற்றிய குதிரையை. 12 அடி ஆரத்தில் மணிக்கு 144 சுற்று, இழுவை 180 பவுண்டு. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று முழுமையாக்கிக்கொண்டார்.

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீர் நிறைந்த சால் என்ற இறைகலனை மாடுகள் 6 மீட்டர் ஆழத்திலிருந்து 20 நொடியில் இழுத்தால் 441 வாட், 0.6 குதிரைத்திறன். ஆனால் தண்ணீரைக் கொட்டி, மாடுகள் பின்னால் நடந்து, சால் திரும்ப இறங்க இன்னொரு 20 நொடி ஆகுமென்றால் சராசரி 0.3தான். பம்புசெட் மோட்டாரின் தகட்டில் உள்ள 5 எச்பி (குதிரைத்திறன்) அப்படியல்ல, மணிக்கணக்கில் நின்று தருவது.

சிறிது நேரம் மட்டும் காட்டும் திறனுக்கு உச்சத்திறன், நெடுநேரம் நின்று தரும் திறனுக்கு நீடுதிறன் என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. 'தொடர்திறன்' என்றும் யோசித்தேன். மின்னியலில் 'தொடர் இணைப்பு' இருப்பதால் அது குழப்பும். இலங்கைப் பாடநூல்களில் திறனை 'வலு' என்பதால் அங்கே நீடுவலு என்றும் பொருந்தும். எஞ்சின் பணிமனையில் இருப்பவர்கள் இதைச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.