போனை வெப்கேமாக வைத்தால் வரவில்லை, அவசரம்!!

அவசரக்குடுக்கை:
லேப்டாப் கேமரா போய்விட்டது. போனை வெப்கேமாக மாற்றும் செயலி ஒன்றைப் போட்டேன், வரவே மாட்டேன் என்கிறது. நாளை காலை ஆன்லைன் நேர்காணல். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

திருகாணி:
என்ன போன்? விண்டோஸா, மேக்கா? வயரா, வைஃபையா? வரவில்லை என்றால் கருப்புத் திரையா, கேமரா பட்டியலில் பெயரே இல்லையா?

பெங்குயின்பித்தன்:
லினக்ஸுக்கு மாறுங்கள். போன் திரையைக் கணினியில் காட்டும் எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற மென்பொருள், 2.2 பதிப்பு முதல் போன் கேமராவை நேராக எடுக்கும். ஆண்ட்ராய்டு 12 இருந்தால் போதும்.

திருகாணி:
நாளைக்கு நேர்காணல் என்கிறார், நீங்கள் ஓஎஸ்ஸையே மாற்றச் சொல்கிறீர்கள்!

மூத்தவாசி:
மறுபடியும் இதே கேள்வி. தேடல் பெட்டியை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. ஆண்ட்ராய்டு 14 என்றால் செயலியே வேண்டாம். வயரைச் செருகி, யூஎஸ்பி அமைப்பில் வெப்கேமைத் தேர்ந்தெடுங்கள். இதெல்லாம் அரிச்சுவடி.

வயர்மணி:
எல்லா 14-லும் அது கிடையாது ஐயா. போன் தயாரிப்பாளர் திறந்துவிட்டிருந்தால்தான் உண்டு. என் போனில் இல்லை. வயரும் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருந்தால் உதவாது.

அவசரக்குடுக்கை:
ஆண்ட்ராய்டு, விண்டோஸ், வைஃபை. ‘இணைக்க முடியவில்லை’ என்று வருகிறது. போன் கெஸ்ட் வைஃபையில், லேப்டாப் மெயினில். ரூட்டர் ஒன்றுதான், அதனால் அதில் கோளாறு இல்லை.

திருகாணி:
கோளாறே அங்கேதான்! கெஸ்ட்டில் இருப்பது மெயினில் இருப்பதைத் தொடக்கூடாது என்றுதான் அப்படிப் பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் மெயினில் போடுங்கள். போனில் காட்டும் ஐபி முகவரியை லேப்டாப்பில் கொடுங்கள். அப்புறமும் வராவிட்டால் லேப்டாப்பின் ஃபயர்வால் இணைப்பைத் தடுக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போட்டது டிராய்ட்கேம் செயலி என்றால் அது பயன்படுத்துவது வழக்கமாக போர்ட் 4747.

அவசரக்குடுக்கை:
படம் வந்துவிட்டது!!! சத்தம் இல்லை.

திருகாணி:
மீட்டிங் செயலியில் கேமராவுக்கும் மைக்குக்கும் தனித்தனித் தேர்வு. மைக்கையும் மாற்றுங்கள்.

கீச்சுக்குரல்:
போன் மைக் வேண்டவே வேண்டாம். வைஃபையில் குரல் பிந்தி வரலாம், உதட்டசைவோடு ஒட்டாமல் போகலாம். ப்ளூடூத் ஹெட்செட் போடுங்கள்.

வயர்மணி:
ப்ளூடூத்தா! மைக் ஆன் ஆனதும் அழைப்பு முறைக்கு மாறி, ஒலித்தரம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். வயர் ஹெட்செட்டுக்கு ஈடு இல்லை.

கீச்சுக்குரல்:
பேச்சுக்கு 16 தாராளம். அவர் என்ன கச்சேரியா செய்யப் போகிறார்?

மூத்தவாசி:
ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோ வந்த பிறகும் இந்தப் பழங்கதையா? படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

வயர்மணி:
ஹெட்செட், லேப்டாப் இரண்டிலும் அது இருக்க வேண்டும். அவரிடம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

அவசரக்குடுக்கை:
லேப்டாப் மைக்கிலேயே பேசிக்கொள்கிறேன். நன்றி.

திருகாணி:
நேர்காணலின்போது போனைச் சார்ஜரில் போட்டு வையுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் படம் நின்றுபோகலாம். ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.

கீச்சுக்குரல்:
வயர்மணி, நீங்கள் கடைசியாக ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசியது எப்போது?