‘இசைவுச் சுரண்டல்’ வேண்டாம், ‘பிணிப்புச் சுரண்டல்’ என்போம்

அண்ணாச்சி, வணக்கம்.

குடிக்கோ சூதுக்கோ அடிமையானவருக்கு விற்று லாபம் பார்ப்பதைக் குறிக்க நீங்கள் முன்வைத்த ‘இசைவுச் சுரண்டல்’ எனக்கு ஒப்பவில்லை. வாங்குபவர் இசைந்துதான் வாங்குகிறார் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. விவாதமே அந்த இசைவைப் பற்றித்தானே?

ஓணத்தை ஒட்டி நம் குமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையில் பூ விலை ஏறும். கேரள வியாபாரிகள் விரும்பி வந்து வாங்குகிறார்கள்; விலை கட்டுப்படியாகாவிட்டால் குறைத்து வாங்குவார்கள், இல்லை திரும்பிப் போவார்கள். இதைச் சுரண்டல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக்கொட்டும், சிலருக்கு வலிப்பே வரும். அந்த நடுக்கம் அடங்கக் காசு நீட்டுகிறவரும் கேட்டுத்தான் வாங்குகிறார். இவரால் திரும்பிப் போக முடியுமா?

குழுவில் இன்னொருவர் சொன்ன ‘கொதிச் சுரண்டல்’ நம் ஊர்ப் பேச்சிலிருந்து வந்தது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனாலும் கொதி என்பது வெறும் தீவிர ஆசைதான்; அது சக்கைப்பழத்துக்கும் (பலாப்பழத்துக்கும்) வரும்.

அதனால்தான் ‘பிணிப்புச் சுரண்டல்’. பிணி நோய், பிணித்தல் கட்டுதல். இரண்டு பொருளும் இங்கே தேவை.

அப்புறம், சுரண்டுபவர் யார் என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். விற்பவர்களில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. கமிஷனுக்காக வெயிலில் நிற்பவர்கள். ‘சுரண்டுபவர்கள்’ என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வராது. லாட்டரியை நடத்துவது கேரள அரசு. இங்கே 2003இல் லாட்டரியைத் தடை செய்த தமிழக அரசு, அதே ஆண்டில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார். குடிப்பவரைத் திருந்தச் சொல்லி அவர் அங்கே ஏறவில்லை. அவருடைய கோரிக்கை விற்கும் அரசிடம்தான்.

வரையறையை இப்படி வைக்கலாமா: ‘மறுக்க இயலாத அளவுக்கு ஒரு பொருளுக்கு ஆட்பட்டவரின் அந்த இயலாமையை நம்பி வருமானம் ஈட்டுவது’. இதில் ‘நம்பி’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது போனால், எப்போதாவது ஆசைக்கு ஒரு சீட்டு எடுப்பவருக்கு விற்பதையும் பிணிப்புச் சுரண்டல் என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.